வாசல் வசூல்



டெட்ராய்ட் என்றால் பலருக்கும் முதலில் கார்தான் ஞாபகத்துக்கு வரும். பாட்டுக் கேட்கிறவர்களுக்கு மோடவுன் கம்பெனியும் அதன் நட்சத்திரங்களும்: ஸ்டீவி வொண்டர், மார்வின் கே, டயானா ராஸ். இன்றைய பேச்சில் இவர்கள் ஓரமாகத்தான் வந்துபோவார்கள். பகலில் ஒரு வேலை, ராத்திரியில் நூறு பேர்கூடக் கொள்ளாத மதுக்கூடத்தில் கச்சேரி என்று காலம் தள்ளிய உள்ளூர் வாத்தியக்காரர்களைப் பற்றிய பேச்சு இது. தங்களுக்கு முன்னால் அதே ஊரில் வாசித்து, ஊரே மறந்துபோன பழைய ஆட்களை அவர்கள் எப்படித் தேடிப் பிடித்தார்கள் என்பதும் இதில் சேர்த்தி.

டென்னிஸ் காஃபி என்ற கிதார் கலைஞரிலிருந்து தொடங்கலாம். 1940இல் பிறந்தவர். எழுபது வயதைத் தாண்டிய பிறகும், பல ஆண்டுகள், செவ்வாய்க்கிழமை இரவுகளில் டெட்ராய்டின் நார்தர்ன் லைட்ஸ் லவுஞ்ச் என்ற மதுக்கூடத்தில் அவர் வாசித்துவந்தார். வாரத்தில் செவ்வாய் என்பது எந்த ஊரிலும் வியாபாரம் மந்தமான நாள். அந்த நாளில் உள்ளே நுழைந்து ஒரு பீர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவர்களில் எத்தனை பேருக்கு எதிரே கிதாரோடு உட்கார்ந்திருப்பவர் யாரென்று தெரிந்திருக்கும்?

1968இல் டெம்ப்டேஷன்ஸ் குழுவின் ‘கிளவுட் நைன்’ பாட்டில், காலால் மிதித்து ஒலியைத் திறந்து மூடும் வா-வா பெடலைக் கொண்டுவந்தவர் அவர்தான். அதோடு மோடவுன் பாட்டுகளின் ஒலியே வேறாகிவிட்டது. 1971இல் சொந்தப் பெயரில் அவர் வெளியிட்ட ‘ஸ்கார்பியோ’ என்ற வாத்திய இசை பில்போர்டு பட்டியலில் 6ஆம் இடம்வரை ஏறி, பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பின்னாளில் ஹிப் ஹாப் ஆட்டக்காரர்கள் அதன் நடுவில் வரும் தாளப் பகுதிக்கு ஆடாத தெரு இல்லை. ஆனாலும் எண்பதுகளில் வாய்ப்புகள் வறண்டபோது காஃபி கார் தொழிற்சாலை வேலைக்குப் போனார். வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கினார். கிதாரை மட்டும் விடவில்லை.

இவர் 1968இல் லிவர்னாய் சாலையில் மோரி பேக்கர்ஸ் என்ற மதுக்கூடத்தில் மூன்று பேர் குழுவாக வாசித்த ஒரு கச்சேரி அப்போதே பதிவு செய்யப்பட்டிருந்தது. ஆர்கன் லைமன் வுடர்ட், டிரம்ஸ் மெல்வின் டேவிஸ். அந்தப் பதிவு ஆல்பமாக வெளிவந்தது 2017இல். இடையில் 49 வருடம். இப்போது கேட்டால் அதில் இசையோடு அந்த இடமும் கேட்கிறது. சிறிய அறை, தாழ்ந்த கூரை, தூக்கலாக ஒலிக்கும் ஆர்கன். இத்தனைக்கும் அது அந்த மூவருக்கும் சாதாரண வேலைநாள். பகலில் மோடவுனில் பதிவு, ராத்திரியில் மதுக்கூடம் என்பதுதான் காஃபியின் அன்றைய தினசரி.

மதுக்கூடக் கச்சேரியின் பொருளாதாரத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டால் மற்ற கதைகள் புரியும். சரக்கு விற்ற காசு முழுக்க கடைக்காரருக்கு. வாசலில் ஸ்டூல் போட்டு ஒருவர் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் சில டாலர்கள் வாங்கிக்கொண்டு புறங்கையில் முத்திரை குத்துவார். அந்த வாசல் வசூல்தான் வாசிப்பவர்களின் கூலி. அதிலும் முதலில் ஒலிபெருக்கி பார்ப்பவரின் கூலி கழியும். மிச்சத்தை அன்று வாசிக்கும் மூன்று குழுக்கள் பங்கிடவேண்டும், ஒரு குழுவுக்குள் நான்கு பேர் பங்கிடவேண்டும். வண்டி பெட்ரோலுக்கு ஈடாகிவிட்டால் அது நல்ல இரவு.

மூன்று குழுவும் தனித்தனி டிரம்ஸ் கொண்டுவந்தால் மாற்றி மாட்டுவதிலேயே நேரம் போய்விடும் என்பதால் ஒரே டிரம்ஸைப் பகிர்வார்கள். ஆனால் ஸ்நேர் டிரம், சிம்பல்கள், கால் பெடல் இந்த மூன்றையும் அவரவர் கொண்டுவந்துவிட வேண்டும். உடையக்கூடியதை யாரும் யாருக்கும் இரவல் தருவதில்லை. ஒரு டிரம்ஸ்காரர் தன் ஸ்நேரை அடுத்த குழுவுக்குத் தருகிறார் என்றால் அவர்களுக்குள் நல்ல சிநேகம் என்று அர்த்தம். கடைசிக் குழு மேடையேறும்போது முதல் குழுவின் நண்பர்கள் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள். அதனால் எல்லாருக்கும் நடுவில் வாசிக்கத்தான் ஆசை.

மோடவுனின் புகழ்பெற்ற பின்னணிக் குழுவே இந்த மதுக்கூடங்களில் உருவானதுதான். பெர்ரி கோர்டி 1959இல் குடும்பச் சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் வாங்கிக் கம்பெனி தொடங்கியபோது, நகரத்தின் ஜாஸ் மதுக்கூடங்களுக்குப் போய்த்தான் வாத்தியக்காரர்களைப் பிடித்தார். ஃபங்க் பிரதர்ஸ் என்று பிற்பாடு பெயர்பெற்றவர்கள் அவர்கள். வெஸ்ட் கிராண்ட் பூல்வார்டில் ஒரு சாதாரண வீட்டின் பின்கட்டில் இருந்த ஒலிப்பதிவு அறையில் பகலெல்லாம் உலகத்துக்காக வாசித்தார்கள். இரவில் சிட் சாட் லவுஞ்ச் போன்ற இடங்களில் தங்களுக்காக வாசித்தார்கள். அங்கே இரவில் விளையாட்டாகப் பிறந்த ஒரு தாளக்கட்டு மறுநாள் பதிவில் நுழைந்து சில வாரங்களில் அமெரிக்கா முழுக்க வானொலியில் ஒலிப்பது சாதாரணம்.

அவர்களுக்குத் திருட்டுத்தனமாக இன்னொரு வருமானமும் இருந்தது. போட்டிக் கம்பெனிகளுக்கு ஓசைப்படாமல் போய் வாசிப்பது. ஜான் லீ ஹூக்கரின் ‘பூம் பூம்’ பாட்டிலும், ஜாக்கி வில்சனின் ‘ஹையர் அண்ட் ஹையர்’ பாட்டிலும் கேட்பது இவர்கள் கைதான். எட்வின் ஸ்டார் பாடிய ‘ஏஜெண்ட் டபுள் ஓ சோல்’ பாட்டுக்கு வாசித்து மாட்டிக்கொண்டபோது கோர்டி அபராதம் போட்டார். அந்தப் பாட்டை வெளியிட்ட எட் விங்கேட் அபராதத்தைத் தானே கட்டினார். கோர்டி கடைசியில் விங்கேட்டின் கம்பெனியையே விலைக்கு வாங்கிவிட்டார்.

குழுவின் பேஸ் கிதார் ஜேம்ஸ் ஜேமர்சன். கனமான கம்பிகள், அறுந்தால் தவிர மாற்றுவதே இல்லை. வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டும் மீட்டுவார். அந்த விரலுக்கு ‘ஹூக்’ என்று பெயரே வைத்திருந்தார்கள். அறுபதுகளில் பாடகர்களின் இசைத்தட்டு உறைகளில் இவர்கள் பெயர் அச்சாவதில்லை. 1971இல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பத்தின் உறையில்தான் முதன்முதலாக வந்தது. மறு வருடமே மோடவுன் லாஸ் ஏஞ்சலஸுக்குக் கடையை மாற்றியது. அன்றைய பதிவுக்கு வந்தவர்களுக்குக் கதவில் ஒட்டியிருந்த சீட்டுதான் தகவல் சொன்னது. 1983இல் மோடவுனின் 25ஆம் ஆண்டு விழா தொலைக்காட்சிக்காகப் பாசடீனாவில் பெரிய அளவில் நடந்தபோது, ஜேமர்சன் கள்ளச்சந்தையில் டிக்கெட் வாங்கிப் பால்கனியில் உட்கார்ந்து பார்த்தார். அந்த ஆண்டு ஆகஸ்டில், 47 வயதில், இறந்தார்.

இவரை மீட்டவர் ஒரு பத்திரிகை விமர்சகரோ பெரிய கம்பெனியோ அல்ல. ஃபிலடெல்பியாவைச் சேர்ந்த ஆலன் ஸ்லட்ஸ்கி என்ற கிதார்காரர், ஜேமர்சனின் பேஸ் வரிகளைக் காதால் கேட்டுக் கேட்டு ஸ்வரக்குறிப்பாக எழுதி, 1989இல் புத்தகமாகப் போட்டார். அதே தலைப்பில் 2002இல் ‘ஸ்டாண்டிங் இன் த ஷேடோஸ் ஆஃப் மோடவுன்’ என்ற ஆவணப்படம் வந்தபோதுதான் மிச்சமிருந்த ஃபங்க் பிரதர்ஸின் முகங்களை உலகம் பார்த்தது. படத்தில் ஸ்லட்ஸ்கி சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. ‘மை கேர்ள்’ பாட்டின் தொடக்கத்தில் படி ஏறுவதுபோல் வரும் கிதார் வரி எல்லாருக்கும் தெரியும். அதை வாசித்த ராபர்ட் வைட் ஒரு உணவகத்தில் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பாட்டு ஒலிக்கிறது. பரிமாறுகிறவரிடம் சொல்ல வாயெடுத்துவிட்டு, கிழவன் உளறுகிறான் என்று நினைத்துவிடுவார்களோ என்று பேச்சை மாற்றி, சாப்பாட்டைச் சொல்லி அனுப்புகிறார்.

மோடவுனுக்கும் மூத்த கம்பெனி ஒன்று அந்த ஊரில் இருந்தது: ஃபார்ச்சூன் ரெக்கார்ட்ஸ். ஜாக் பிரவுன் கணக்கர், அவர் மனைவி டெவோரா பாட்டு எழுதுவார். மனைவியின் பாட்டுகளை வெளியிடவே 1946இல் தொடங்கினார்கள். ஐம்பதுகளின் நடுவில் தேர்டு அவென்யூவில் ஒரு கட்டடத்துக்கு மாறினார்கள். முன்பக்கம் இசைத்தட்டுக் கடை, பின்பக்கம் ஒலிப்பதிவு அறை. பதிவுப் பொறியாளர் வேலையையும் பெரும்பாலும் டெவோராவே பார்த்துக்கொண்டார். இந்த அறையில் பதிவான பாட்டுகளில் பிசிறு உண்டு, எதிரொலி உண்டு, அபசுரம்கூட உண்டு. மோடவுனில் கோர்டி அதையெல்லாம் தேய்த்துப் பளபளப்பாக்கித்தான் வெளியே விடுவார். ஃபார்ச்சூனில் அப்படியே வெளிவரும். நோலன் ஸ்ட்ராங்கின் டயாப்லோஸ் குழு பாடிய ‘த விண்ட்’ (1954) ஃபார்ச்சூன் வெளியீடுதான். ஸ்மோக்கி ராபின்சன் தன் இளவயதில் வியந்து கேட்ட குரல் அது.

இங்கே பாடிய இரண்டு பேர்தான் இந்தப் பேச்சுக்கு முக்கியமானவர்கள்.

ஒருவர் ஆண்ட்ரே வில்லியம்ஸ். ‘பேகன் ஃபேட்’ என்ற பாட்டால் ஐம்பதுகளில் பேர் வாங்கியவர். பாடுவதைவிடப் பாதி பேசுவார். அதுதான் அவர் பாணி. பிறகு மோடவுனில் சில காலம், சிகாகோவில் சில காலம். எண்பதுகளில் போதைப் பழக்கத்தால் தெருவில் கையேந்துகிற அளவுக்குப் போனதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். மற்றவர் நத்தானியல் மேயர். 1962இல் ‘வில்லேஜ் ஆஃப் லவ்’ பாட்டு பில்போர்டில் 22ஆம் இடத்துக்கு வந்தபோது அவருக்கு இன்னும் இருபது வயதாகவில்லை. சில வருடங்களில் அவரும் காணாமல் போனார்.

இனி 1986க்கு வரலாம். மிக் காலின்ஸ், டான் குரோஹா, பெக்கி ஓ’நீல் என்ற மூன்று பேர் டெட்ராய்டில் கோரீஸ் என்ற குழுவைத் தொடங்கினார்கள். இரண்டு கிதார், ஒரு டிரம்ஸ், பேஸ் கிடையாது. தொடங்கியபோது வாத்தியங்களை வாசிக்கவே சரியாகத் தெரியாது. மேடையில் நின்றுதான் கற்றுக்கொண்டார்கள். இவர்கள் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது வானொலியில் வந்த எண்பதுகளின் பாட்டு அல்ல. ஃபார்ச்சூன் தட்டுகளும் ஜான் லீ ஹூக்கரும்தான். சின்னக் கூட்டங்களுக்கு வாசித்தார்கள், இரண்டாவது ஆல்பத்தை அலெக்ஸ் சில்டனைத் தயாரிப்பாளராக வைத்து மெம்பிஸில் பதிவுசெய்தார்கள். (சில்டனின் பிக் ஸ்டார் குழுவும் எழுபதுகளில் விற்காமல் போய், பிறகு கொண்டாடப்பட்டதுதான். இப்படித் தொட்டுத்தொட்டுப் போனால் இந்தக் கதைக்கு முடிவே இல்லை.) தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சண்டை போட்டுப் பிரிந்தார்கள்.

பிரிந்த பிறகு நடந்ததுதான் விசேஷம். 1998இல் ஆண்ட்ரே வில்லியம்ஸ் ‘சில்க்கி’ என்ற ஆல்பத்தோடு திரும்பி வந்தார். பின்னால் வாசித்தவர்கள் மிக் காலின்ஸும் டான் குரோஹாவும். அறுபதைக் கடந்த பாடகர், அவர் பாட்டுகளைப் பழைய தட்டில் கேட்டு வளர்ந்த இளைஞர்கள். நத்தானியல் மேயர் விஷயத்திலும் இதேதான். டெட்ராய்டின் காராஜ் ராக் குழுக்கள் அவரை மறுபடி மேடைக்கு அழைத்தன. 2004இல் ஒரு ஆல்பம், 2007இல் இன்னொன்று. இரண்டாவதில் காலின்ஸ் வட்டத்தைச் சேர்ந்தவர்களோடு பிளாக் கீஸ் குழுவின் டான் ஆவர்பாக்கும் வாசித்தார். மேயரின் குரல் அதற்குள் கரகரத்துப்போயிருந்தது. அதை மறைக்கப் பார்க்காமல் கிதாரையும் கரகரப்பாகவே வைத்துக்கொண்டார்கள். 2008இல் மேயர் இறந்தார். கடைசி நாலைந்து வருடமாவது அவர் பாடகராக வாழ்ந்தார்.

பழைய இசையை மீட்பதில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று சேகரிப்பாளரின் வழி. இங்கிலாந்தின் வடபகுதி ஆலைநகரங்களில் எழுபதுகளில் இளைஞர்கள் விடியவிடிய ஆடுவதற்கு டெட்ராய்டின் விற்காத சோல் தட்டுகளைத் தேடித்தேடி வாங்கினார்கள். விகன் கேசினோ என்ற ஆட்டக்கூடம் 1973 முதல் 1981 வரை இதற்காகவே பேர்போனது. தட்டு எவ்வளவு அபூர்வமோ அவ்வளவு மதிப்பு. மோடவுனுக்காக ஃபிராங்க் வில்சன் 1965இல் பாடிய ‘டூ ஐ லவ் யூ’ தட்டு வெளியாகுமுன்பே நிறுத்தப்பட்டு, விரல்விட்டு எண்ணக்கூடிய பிரதிகளே தப்பின. அதில் ஒன்று 2009இல் 25,742 பவுண்டுக்கு விலைபோனது. விற்றவருக்கு லாபம். பாடியவருக்கு அந்தக் கைமாற்றத்தில் ஒரு பென்னி இல்லை.

இன்னொன்று வாத்தியக்காரரின் வழி. அவருக்குத் தட்டு கிடைத்தால் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க மாட்டார். அந்தப் பாட்டை வாசித்துப் பார்ப்பார். வாசித்துப் பார்த்தால் இதை முதலில் வாசித்த ஆள் எங்கே என்ற கேள்வி தானாக வரும். சேகரிப்பாளர்கள் இல்லாவிட்டால் பல தட்டுகள் குப்பைக்குப் போயிருக்கும் என்பது உண்மை. ஆனால் மேயரையும் வில்லியம்ஸையும் மைக் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது இரண்டாவது வழிதான்.

இரண்டு வழியும் ஒரே குடும்பத்துக்குள் வந்து சந்தித்த கதை ஒன்று உண்டு.

டெட்ராய்டின் கிழக்குப் பகுதியில் டேவிட், டேனிஸ், பாபி என்று மூன்று ஹேக்னி சகோதரர்கள். கறுப்பினக் குடும்பம். 1971இல் தொடங்கியபோது அக்கம்பக்கத்தாரைப் போலவே ஃபங்க் வாசித்தார்கள். பிறகு அண்ணன் டேவிட் த ஹூ குழுவையும் ஆலிஸ் கூப்பரையும் கேட்டுவிட்டு ராக் பக்கம் திரும்பினார். டேவிட் கிதார், பாபி பேஸும் பாட்டும், டேனிஸ் டிரம்ஸ். வீட்டுப் படுக்கையறையில் பயிற்சி. கறுப்பினத்துப் பையன்கள் வெள்ளைக்காரர்களின் சத்தத்தை ஏன் போடுகிறார்கள் என்று தெருவாசிகளுக்குப் புரியவில்லை. இந்தச் சமயத்தில் தந்தை விபத்தில் இறந்தார். சாவை வேறு கண்ணால் பார்க்கவேண்டும் என்று சொல்லி டேவிட் குழுவுக்கு ‘டெத்’ என்று பேர் வைத்தார்.

1975இல் யுனைடெட் சவுண்ட் கூடத்தில் ஏழு பாட்டுகள் பதிவாயின. 1948இல் ஜான் லீ ஹூக்கர் ‘பூகி சில்லன்’ பதிவுசெய்த அதே இடம். பெரிய இசைத்தட்டுக் கம்பெனி ஒன்றின் தலைவரான கிளைவ் டேவிஸ் ஒப்பந்தம் போடத் தயார், பெயரை மட்டும் மாற்றவேண்டும் என்றார். டேவிட் மறுத்துவிட்டார். தம்பிகளுக்கு அதில் வருத்தம் இருந்தும் அண்ணன் சொல்லைத் தாண்டவில்லை. 1976இல் சொந்தச் செலவில் 500 தட்டுகள் அடித்தார்கள். வானொலிகள் போடவில்லை. அடுத்த வருடம் சகோதரர்கள் வெர்மாண்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகருக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே கிறிஸ்தவ பக்தி ராக் பாடிப் பார்த்தார்கள். 1982இல் டேவிட் டெட்ராய்டுக்கே திரும்பிவிட்டார். பதிவுநாடாக்களைத் தம்பியிடம் கொடுத்துப் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார். உலகம் ஒருநாள் இதைத் தேடிவரும் என்பது அவர் நம்பிக்கை. 2000இல் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார்.

தம்பிகள் இருவரும் பர்லிங்டனிலேயே தங்கி லாம்ப்ஸ்பிரெட் என்ற ரெகே குழுவை நடத்தினார்கள். கல்லூரி விழா, மதுக்கூடம், கோடைத் திருவிழா என்று இருபது வருடத்துக்கு மேல் ஓடியது அந்த வண்டி. பாபியின் பிள்ளைகள் அப்பாவை ரெகே பாடகராக மட்டுமே அறிந்து வளர்ந்தார்கள். நாடாக்கள் வீட்டுப் பரணில் கிடந்தன.

இதற்கிடையே அந்த 500 தட்டுகளில் சில சேகரிப்பாளர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு தட்டுக்கு 800 டாலர் அளவுக்கு விலை ஏறியது. கோர்டி மோடவுனைத் தொடங்க வாங்கிய கடனும் இதே தொகைதான். 2008 வாக்கில் பாபியின் மகன் ஜூலியன் கலிபோர்னியாவில் ஒரு விருந்துக்குப் போன இடத்தில் இந்தப் பாட்டைக் கேட்கிறார். குரல் அப்பாவுடையதாக இருக்கிறது. அண்ணனுக்குத் தகவல் போகிறது, அண்ணன் அப்பாவிடம் கேட்கிறார். அதற்குப் பிறகுதான் பரண் கதையே பிள்ளைகளுக்குத் தெரிகிறது.

பிள்ளைகள் அடுத்துச் செய்தது கவனிக்கத்தக்கது. மூன்று மகன்களும் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ரஃப் ஃபிரான்சிஸ் என்ற குழுவைத் தொடங்கி, பர்லிங்டன் மேடைகளில் டெத் பாட்டுகளை வாசித்தார்கள். குழுவின் பெயரும் பெரியப்பா டேவிட் கடைசிக் காலத்தில் தனியாகப் பதிவுசெய்தபோது வைத்துக்கொண்ட பெயர்தான். 2009இல் டிராக் சிட்டி கம்பெனி அந்த ஏழு பாட்டுகளையும் ஆல்பமாக வெளியிட்டது. அதே வருடம் பாபியும் டேனிஸும், லாம்ப்ஸ்பிரெட்டின் கிதார்காரரை டேவிட் இடத்தில் நிறுத்தி, டெட்ராய்டிலேயே டெத் என்ற பெயரில் மேடையேறினார்கள். ரெகே வாசித்தே கழிந்த அந்த வருடங்களை ‘தொலைந்துபோன காலம்’ என்று எழுதுவதில் பத்திரிகைகளுக்கு ஒரு ருசி. 1976இல் விட்ட வேகத்தை 2009இல் அந்தக் கைகள் பிடித்துக்கொண்டது, இடையில் ஒரு வாரமும் சும்மா இருக்காததால்தான்.

ரோட்ரிகஸ் கதை பலருக்கும் சினிமாவாகத் தெரிந்திருக்கும் என்பதால் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஆற்றோரத்தில் இருந்த ஒரு மதுக்கூடத்தில், கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி பாடிக்கொண்டிருந்த சிக்ஸ்டோ ரோட்ரிகஸைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர் நம் டென்னிஸ் காஃபி. மற்றவர் மைக் தியோடர். இருவரும் சேர்ந்து தயாரித்த ‘கோல்ட் ஃபேக்ட்’ 1970இல் வந்து அமெரிக்காவில் அடையாளம் இல்லாமல் போனது. ரோட்ரிகஸ் கட்டடம் இடிக்கிற வேலைக்குப் போனார். 1976இல் அரசு ஏலத்தில் 50 டாலருக்கு ஒரு வீட்டை வாங்கினார். 1981இல் தத்துவத்தில் பட்டம் பெற்றார். தென்னாப்பிரிக்காவில் அவர் பாட்டு வீட்டுக்கு வீடு ஒலித்தது அவருக்கே தெரியாது. 1998இல் அங்கே போய்ப் பாடினார். 2012இல் வந்த ‘சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்’ படம் மறு வருடம் ஆஸ்கார் வாங்கியது. படம் நெகிழவைப்பதுதான். ஆனால் 1979லும் 1981லும் அவர் ஆஸ்திரேலியாவில் சுற்றிப் பாடியதைப் படம் சொல்லாமல் விட்டுவிட்டது. மறக்கப்பட்டவர் முழுக்க மறக்கப்பட்டவராக இருந்தால்தான் கதைக்கு நிறம் ஏறும் போலிருக்கிறது. பணம் வந்த பிறகும் ரோட்ரிகஸ் அந்த 50 டாலர் வீட்டை விடவில்லை. 2023இல், 81 வயதில், இறந்தார்.

மிக் காலின்ஸ் தலைமுறைக்குப் பின் வந்தவர்களில் உலகம் அறிந்தவர் ஜாக் வைட். பிழைப்புக்கு சோபாவுக்கு உறை தைக்கும் வேலை. வைட் ஸ்ட்ரைப்ஸ் குழு 1997 ஆகஸ்ட் 14 அன்று கோல்ட் டாலர் என்ற மதுக்கூடத்தில் முதன்முதலாக மேடையேறியது. இரண்டு பேர், ஒரு கிதார், ஒரு டிரம்ஸ். பேஸ் இல்லாமலும் ஒரு குழு நடக்கும் என்று அந்த ஊரில் கோரீஸ் முன்பே காட்டியிருந்தது. அதே காலத்தில் டெட்ராய்ட் கோப்ராஸ் என்ற குழு ஏறக்குறைய பழைய பாட்டுகளை மட்டுமே வாசித்தது. எல்லாரும் அறிந்த ‘ஹிட்’ பாட்டு அவர்களுக்கு வேண்டாம். தட்டின் பின்பக்கத்தில் ஒளிந்துகிடந்த ஐம்பது, அறுபதுகளின் ரிதம் அண்ட் புளூஸ் பாட்டுகளைத் தேடி எடுப்பார்கள். ரேச்சல் நேகியின் குரலில் அவை நேற்று எழுதியவைபோல இருந்தன. சொந்தப் பாட்டு இல்லாத குழு என்று அவர்களை இளக்காரமாகப் பேசியவர்கள் உண்டு. அவர்கள் தேடி எடுத்த பாட்டுகளில் பாதியைத் தெரிந்துவைத்திருந்தவர்கள் யாரும் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். நேகி 2022இல் இறந்தார்.

பாட்டுகள் தப்பின, ஆனால் அவை ஒலித்த இடங்கள் அவ்வளவு கெட்டியாக இல்லை. ஃபார்ச்சூன் கட்டடம் 2001இல் இடிக்கப்பட்டது. கோல்ட் டாலர் அதே ஆண்டு மூடப்பட்டு, 2019இல் கட்டடம் தீயில் போனது. அந்த 2019இல்தான், ஐம்பதுகளில் மைல்ஸ் டேவிஸ் தங்கி வாசித்த புளூ பேர்ட் இன் என்ற மதுக்கூடத்தை டெட்ராய்ட் சவுண்ட் கன்சர்வன்சி என்ற அமைப்பு விலைக்கு வாங்கியது. அதற்கு முன்பே அதன் மேடைப் பலகைகளைத் தனியாகப் பெயர்த்தெடுத்துக் காப்பாற்றியிருந்தார்கள். ஜாக் வைட் 2017இல் டெட்ராய்டில் இசைத்தட்டு அடிக்கும் ஆலையே தொடங்கிவிட்டார்.

கோரீஸ் கலைந்தபின் மிக் காலின்ஸ் நடத்திய குழு டர்ட்பாம்ஸ். ஒரு கிதார், இரண்டு பேஸ், இரண்டு டிரம்ஸ் என்று விசித்திரமான அமைப்பு. 2001இல் ‘அல்ட்ராகிளைட் இன் பிளாக்’ என்ற ஆல்பத்தில் ஸ்டீவி வொண்டர், மார்வின் கே பாட்டுகளை இந்த இரட்டைத் தாளத்தில் போட்டு இடித்தார்கள். ஊரின் சோல் பாட்டை ஊரின் ராக் குழு வாசிப்பதில் பெரிய ஆச்சரியம் இல்லை. 2011இல் செய்த ‘பார்ட்டி ஸ்டோர்’தான் துணிச்சல். டெட்ராய்டிலேயே பிறந்த இன்னொரு இசையான டெக்னோவை, அதாவது இயந்திரங்கள் மட்டுமே வாசித்த பாட்டுகளை, கிதாரிலும் டிரம்ஸிலும் கையால் வாசிப்பது என்று இறங்கினார்கள். 1981இல் வந்த ‘ஷாரிவாரி’, டெரிக் மேயின் ‘ஸ்டிரிங்ஸ் ஆஃப் லைஃப்’ எல்லாம் அதில் உண்டு. இயந்திரம் சலிக்காமல் திருப்பித்திருப்பி அடிக்கும் தாளத்தை இரண்டு டிரம்ஸ்காரர்கள் வியர்க்க வியர்க்க அடிக்கிறார்கள். மனிதக் கை கொஞ்சம் முந்துகிறது, கொஞ்சம் பிந்துகிறது. ‘பக் இன் த பேஸ் பின்’ மட்டும் 21 நிமிடத்துக்கு ஓடுகிறது. அதில் இவர்களோடு உட்கார்ந்து சிந்தசைஸர் வாசித்திருப்பவர் அந்தப் பாட்டை முதலில் உருவாக்கிய கார்ல் கிரெய்கேதான்.